நாலு மைலுக்குத் தெரியும் விளக்கு

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, கார்ப்பரல். சின்ன விஷயம்தான். ஆனாலும் வருஷத்துக்கு ஒருவராவது முகத்தைப் பொசுக்கிக்கொண்டு நம் ஊர் மருத்துவமனைக்கு ஓடுகிறார். பொறுமை இல்லாத ஜனங்கள். மூடியின் மேல் வெறுங்கையை வைத்து, அந்தக் கை எந்த அவஸ்தையும் இல்லாமல் அங்கேயே இருக்க முடிந்தால்தான் நான் வேலையைத் தொடங்குவேன். உங்கள் காரை நீங்களே பார்த்துக்கொள்வீர்களா? இல்லை என்று உங்கள் நகம் சொல்கிறது. பரவாயில்லை, கிழக்கிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். நீங்கள் கேட்ட கேள்வி அப்படி. உன் மனைவி நெட்டியோடு சண்டை போட்டாயா என்றுதானே கேட்டீர்கள்? நாங்கள் சண்டை போட்டதே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. கிழக்கே அடுத்த பண்ணை ஆர்னியைக் கேட்டுப் பாருங்கள், கேட்டும் இருப்பீர்கள்.

ஒவ்வொரு அக்டோபரிலும் வீட்டு வண்டிகளை நான்தான் குளிர்காலத்துக்குத் தயார் செய்வேன். என் ட்ரக், நெட்டியின் நீல ஸ்டேஷன் வேகன், இரண்டையும். ரேடியேட்டருக்கு அடியில் ஒரு குழாய்த் திருகு இருக்கிறது. அதைத் திறந்து, தண்ணீர் உறையாமல் காக்கிற கூலன்ட்டை, பழசை, அகலமான தட்டில் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டு தரையில் சிந்தக் கூடாது. அது இனிப்பாக இருக்கும், நாய் நக்கிவிடும், நக்கினால் செத்துவிடும். என் பட்டறையில் இத்தனை வருஷத்தில் ஒரு நாய்க்கும் ஒன்றும் ஆனதில்லை. பிறகு வெறும் தண்ணீரை ஊற்றி, ஹீட்டரை முழுதாகத் திருப்பிவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, வடிக்க வேண்டும். துரு கலங்கிய தண்ணீர் வரும். தெளிகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிப் பாதி. சஸ்காச்சுவானில் கூலன்ட் பாதிக்குக் கீழே போனால் ஜனவரியில் ரேடியேட்டர் கல்லாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஊற்றும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். மூடியைத் திறந்துவைத்து, வண்டியின் மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் குமிழ் குமிழாக வெளியே வரும். காத்திருக்காவிட்டால் அந்தக் காற்று ஹீட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எஞ்சின் பாட்டுக்கு ஓடும், வண்டிக்குள் மட்டும் சூடு வராது.

நெட்டிக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்த வருஷம் நான் காத்திருக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவள் தினமும் போக வர முப்பது மைல் ஓட்டினாள். கால் விரல் நீலம் பாரித்து வருவாள். நான் அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, வெந்நீரில் துணியை நனைத்து விரல் விரலாக ஒற்றியெடுப்பேன். "இந்தக் குளிர்ல உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று மட்டும் கேட்பேன். வண்டியைச் சரிபண்ணித் தருவேன். ரெண்டு வாரம் சூடு வரும், அப்புறம் வராது. "உன் வண்டிக்கு வயசாயிடுச்சு" என்பேன். பிப்ரவரியில் அவளே வேலையை விட்டுவிட்டாள். நான் விடச் சொல்லவில்லை. அதற்கடுத்த குளிர்காலம் சஸ்கட்டூனில் இருக்கும் அவள் தங்கை ஸ்டெல்லாவோடு சேர்ந்து ஏதோ தையல் வகுப்புக்குப் போவதாகக் கிளம்பினாள். அதுவும் நின்றது. ஒவ்வொரு தடவையும் எனக்கு நன்றி சொன்னாள். வீட்டில் ஒருவன் சரிபண்ணுகிறவனாக இருந்தால், இன்னொருத்தி நன்றியோடு இருப்பாள். குடும்பம் என்பது அப்படித்தான் நடக்கிறது. ஸ்டெல்லாவுக்கு இது புரியாது. மூன்று தடவை வேலை மாற்றியவள், இரண்டு தடவை புருஷனை மாற்றியவள். அவள் வீட்டு மேசை நாற்காலி ஒன்றுகூட ஒரே ஜாதி கிடையாது.

போன அக்டோபரில் நெட்டி பட்டறைக்கு வந்து நின்றாள். என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள், கையை மடித்துவிட்டிருந்தாள்.

"ஓரெஸ்ட், எனக்கும் கத்துக்குடு. எல்லாத்துக்கும் உன்னையே தொந்தரவு பண்ணிட்டு இருக்க முடியாதுல்ல?"

"எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே."

"உனக்கு இல்லப்பா. எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு."

கற்றுக்கொடுத்தேன். யாராவது கேட்டால் கற்றுக்கொடுக்காமல் இருக்கிற ஆள் இல்லை நான். திருகு எங்கே, தட்டை எப்படி வைப்பது, காற்றை எப்படி விடுவது, எல்லாம். அந்த வருஷம் அவள் கண்முன்னால் ஒழுங்காகத்தான் செய்தேன். கையெல்லாம் கறையாக்கிக்கொண்டு, மூக்கில் ஒரு தீற்றலோடு, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. என்னோடு சிரித்த சிரிப்பு இல்லை அது.

"இது நல்லா இருக்கா இல்லையான்னு அப்புறமா எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டாள்.

"ஆறின பிறகு மூடியத் திறந்து பாரு. பச்சையா இருக்கா? அப்ப கூலன்ட் இருக்கு."

நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? பச்சையாக இருந்தால் கூலன்ட் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி, அதை அவள் கேட்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு சின்னக் கருவி உண்டு. கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் குமிழ், உள்ளே வண்ணக் குண்டுகள். உறிஞ்சிப் பார்த்தால் எத்தனை குண்டு மிதக்கிறதோ அந்த அளவு குளிரை வண்டி தாங்கும். அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவளுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

எங்கள் தேவாலயத்தின் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு, கார்ப்பரல். அதற்கு முந்தின சாயங்காலம்தான் பெரிது. கறி இல்லாமல் பன்னிரண்டு பதார்த்தம். முதல் நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் யாரும் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. வழிப்போக்கன் யாராவது வந்தால் உள்ளே வரலாம் என்று ஜன்னலில் மெழுகுவர்த்தி. செத்துப்போன நம் ஜனங்களுக்கு மேசையில் ஒரு தட்டு கூடுதலாக. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வேளையில் குடும்பம் மொத்தமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். அன்றைக்கு வெளியே இருந்தால் வருஷம் பூராவும் வெளியேதான் என்று என் அப்பா நம்பினார், நானும் நம்புகிறேன். நெட்டியும் நம்பினாள், அவள் அம்மா அவளை அப்படித்தான் வளர்த்தாள். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டில் முதலாவது குத்தியா. கோதுமையை முதல் நாளே ஊறவைத்து, வேகவைத்து, தேனும் கசகசாவும் சேர்ப்பது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் அதிலிருந்து ஒரு கரண்டியாவது தின்ன வேண்டும். நெட்டி எப்போதும் பெரிய நீலப் பாத்திரத்தில் ஊறவைப்பாள். ஐந்தாம் தேதி காலையில் நான் சமையலறைக்குப் போனபோது கோதுமை ஒரு டீக் கோப்பையில் ஊறிக்கொண்டிருந்தது.

ஒரு டீக் கோப்பை. ஒரு ஆளுக்கு.

அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு மடிக்கிற நாள் அது. யாரோ ஒருத்தி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனாள். நான் பட்டறைக்குப் போய் அவள் வண்டியின் டிக்கியைத் திறந்தேன். இந்த ஊரில் எல்லார் டிக்கியிலும் இருக்கிற பெட்டி அதில் இருந்தது. கம்பளி, சாக்லேட், தீப்பெட்டி, காப்பி டின்னுக்குள் ஒரு தடித்த மெழுகுவர்த்தி. பனியில் மாட்டிக்கொண்டால் வண்டிக்குள் அந்த ஒரு மெழுகுவர்த்தி போதும், விடிகிற வரை உயிர் தரிக்கும். பெட்டியைத் தூக்கினேன். அதற்குக் கீழே, செய்தித்தாளில் சுற்றி, நெட்டியின் கோடைக்காலச் செருப்பு இருந்தது.

ஜனவரியில் எங்கேயோ போய் நாலு நாளில் திரும்ப நினைக்கிறவள் கோடைச் செருப்பை எடுத்துக்கொண்டு போக மாட்டாள். நீங்கள் போலீஸ்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. வராமல் இருக்குமா? இருபத்திரண்டு வருஷம் ஒரு பொம்பளையின் வண்டியைத் துடைத்துப் பராமரித்தவன் நான். என் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூட அவளுக்கு மனசில்லை. டிக்கிக்குள் செருப்பை ஒளித்துவைக்கிற அளவுக்கு என்னைக் கேவலமாக நினைத்துவிட்டாள். ஆனால் கோபத்தோடு நான் வேலை செய்வதில்லை. அடுப்பில் விறகைப் போட்டேன். பட்டறை கதகதப்பானதும் திருகைத் திறந்தேன்.

அக்டோபரில் ஊற்றியது நல்ல கூலன்ட், புதுசு மாதிரியே வந்தது. அதைத் தட்டில் பிடித்து, புனல் வைத்து கேனில் ஊற்றி மூடிவைத்தேன். தண்ணீர் விட்டு ஓட்டினேன், வடித்தேன். மறுபடி விட்டேன், வடித்தேன். தெளிந்த தண்ணீர் வந்தது. ஹோஸ் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தேன், ஒரு பட்டை தளர்ந்திருந்தது, இறுக்கினேன். கடைசியாகத் தண்ணீரை நிரப்பி, அதன் மேல் ஒரு குவளை கூலன்ட். நிறத்துக்கு. இந்தத் தடவை காற்றை முழுக்க வெளியே விட்டேன். கிளம்பும்போது அவளுக்கு ஹீட்டர் நன்றாக வர வேண்டும் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி பட்டறை அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டேன். பெட்டியை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலில் வைக்க மெழுகுவர்த்தி வேண்டியிருந்தது. வீட்டில் வேறு இருந்ததா என்று கேட்டீர்கள். அலமாரியில் ஒரு டஜன் இருந்தது. ஆனால் அதெல்லாம் மெல்லிசு, சீக்கிரம் கரைந்துவிடும். இது தடிமன்.

மறுநாள் மதியம் அவள் சொன்னாள், ஸ்டெல்லாவுக்கு உடம்பு சரியில்லையாம், போய்விட்டு வருகிறேன் என்று. பன்னிரண்டு பதார்த்தத்தையும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் எனக்காகச் செய்து மூடிவைத்திருந்தாள். நான் சரி என்றேன். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. அவள் பட்டறைக்குப் போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆர்னி வந்தான். வருஷா வருஷம் எங்கள் பண்டிகைக்கு மீன் கொண்டுவந்து தருவான். நல்லவன், வாய்தான் ஓயாது.

"என்ன நெட்டி, ஓரெஸ்ட்ட வேலைய விட்டுத் தூக்கிட்டியா?"

"எனக்கே இப்பத் தெரியும் ஆர்னி. பாரு, பச்சைப் பசேல்னு இருக்கு."

"கலர்ல என்ன இருக்கு? எவ்வளவு குளிர் தாங்குதுன்னு பாக்கணும். என் ட்ரக்ல டெஸ்டர் கெடக்கு, எடுத்துட்டு வரவா? ஒரு நிமிஷ வேலை."

இந்த இடத்தை ஆர்னி உங்களிடம் எப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவன் ஏற்கெனவே வாசலை நோக்கித் திரும்பிவிட்டான்.

"நேத்துதான் நான் பாத்தேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நெட்டி என் பக்கம் திரும்பினாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒரு இளக்கம். தான் செய்யப்போவதை நினைத்துக் கூச்சப்பட்டாளோ என்னவோ.

"விடு ஆர்னி. ஓரெஸ்ட் பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

என்மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆர்னி மீனைக் கொடுத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் அவளும் கிளம்பினாள். பையைப் பின்சீட்டில் போட்டாள், டிக்கியைத் திறக்கவில்லை. "உள்ள போ, குளிருது" என்று எனக்குச் சொன்னாள்.

எங்கள் சாலை நூல் பிடித்தது மாதிரி நேராகக் கிழக்கே போகிறது. மரம் இல்லை, மேடு இல்லை. சமையலறை ஜன்னலில் நின்றால் ஒரு வண்டியின் பின்விளக்கு கண்ணுக்கு எட்டாமல் போகவே வெகுநேரம் ஆகும். ஓநாய்களைப் பார்ப்பதற்காக ஒரு பைனாகுலர் வைத்திருக்கிறேன். அவ்வளவு தண்ணியான கலவை இந்தக் குளிரில் எப்படியும் உறையும். எதிர்க்காற்றில் ரேடியேட்டர் முதலில் இறுகும். அதற்குப் பிறகு எஞ்சினுக்குக் குளிர்ச்சி கிடைக்காது, கொதித்து நின்றுவிடும். மைனஸ் முப்பத்தெட்டில் ஒரு வண்டி சூடு தாங்காமல் நிற்பது வேடிக்கைதான். நாலு மைலில் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நாலு மைலில்தான் நின்றது.

ஆவி கிளம்பியது தெரிந்தது. கதவு திறந்தது, முன்மூடியைத் தூக்கினாள், மூடினாள், உள்ளே போய் உட்கார்ந்தாள். பிறகு, ஒரு தடவை இறங்கி டிக்கியைத் திறந்தாள். ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். நான் முற்றத்துக் கம்பத்தில் இருக்கிற பெரிய விளக்கை அன்றைக்குச் சீக்கிரமே போட்டுவிட்டேன். அவளுக்கு வழி தப்பக் கூடாதே. மெழுகுவர்த்தியை ஏற்றி ஜன்னலில் வைத்தேன். மேசையில் வழக்கப்படி வைக்கோல் பரப்பி, துணி விரித்து, மூன்று தட்டு வைத்தேன். எனக்கு, அவளுக்கு, செத்தவர்களுக்கு.

நான் ஏன் ட்ரக்கை எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அன்றைக்கும் கேட்டீர்கள், இன்றைக்கும் கேட்கிறீர்கள். ட்ரக் தயாராகத்தான் இருந்தது. அதில் நல்ல கூலன்ட் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் போய்க் கூப்பிட்டிருந்தால், கூப்பிட்டதால் வந்தேன் என்று ஆகிவிடும். நாளைக்கு மறுபடி செருப்பை எடுத்து ஒளித்துவைப்பாள். தானாகத் திரும்பி வந்தால்தான் அது வருவது. கதவைத் திறந்து, "உள்ள வா, குளிருது" என்று நான் சொல்லியிருப்பேன். காலை வெந்நீரில் ஒற்றியிருப்பேன். செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். அவளைக் கொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தால் நான் ஏன் விளக்கைப் போட வேண்டும், ஏன் அவளுக்குத் தட்டு வைக்க வேண்டும்? இதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லையே. எழுதுங்கள்.

முதல் நட்சத்திரம் வந்தது. அவள் வரவில்லை. வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் அங்கேயே இருந்தது. நான் குத்தியாவைத் தின்றேன். தேன் கொஞ்சம் அதிகம், எனக்குப் பிடித்த அளவில் போட்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கிக்கொண்டே போய் ஒரு நேரத்தில் சிவப்பு விளக்கும் அணைந்தது. சரி, பேட்டரி தீர்ந்தது, இனி எழுந்து வருவாள் என்று நினைத்தேன். அவள் எப்போதோ எழுந்து நடந்துவிட்டாள் என்பது காலையில் பனி தள்ளுகிற வண்டிக்காரன் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

நீங்கள் அளந்துவிட்டு வந்து என்னிடம் சொன்னீர்கள். வண்டி நின்ற இடத்திலிருந்து அவள் கிடந்த இடம் ஐந்து மைல். கிழக்கே. ஆர்னி பண்ணை இருக்கிற பக்கம். இன்னும் இரண்டு மைல் நடந்திருந்தால் அவன் வாசல். உங்கள் குரல் அப்போது ஒரு மாதிரி இருந்தது, கவனித்தேன்.

அந்தக் கணக்கைத்தான் நான் அன்றிலிருந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீடு நாலு மைல். அவள் நடந்தது ஐந்து. நடக்கத் தெம்பில்லை என்று சொல்ல முடியாது. பாதை தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆர்னியின் பக்கம் ஒரே இருட்டு, எங்கள் பக்கம் மட்டும்தான் வெளிச்சம். நாலு மைலுக்குத் தெரிகிற விளக்கு அது. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பார்த்துமிருப்பாள்.

கூலன்ட்டை வடித்தது நான். தண்ணீரை ஊற்றியது நான். பெட்டியை எடுத்தது நான். ஆர்னியின் கையைத் தடுத்ததும் நான்தான். எதையும் நான் மறுக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் இவ்வளவும் அவளுக்காகச் செய்துவைத்து ஒருத்தன் காத்திருக்கும்போது, அவள் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்பதை மட்டும் யாராவது எனக்குச் சொல்லுங்கள், கார்ப்பரல்.